தானியேல் பூவரும் தீவகமும்: வட்டுக்கோட்டைச் செமினரி பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழர் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் வட்டுக்கோட்டைச் செமினரியைக் கூறாது விட்டதில்லை. புகழ்ந்தோர் அங்குக் கற்றுத் தேர்ந்த அறிஞரின் பெயர்களை அடுக்கினர். இகழ்ந்தோர் அது மதமாற்றத்தின் பொருட்டு எழுந்த நிலையம் என்பதை வற்புறுத்தினர். இரு கூற்றும் உண்மையே. ஆயினும், அதன் முதலாவது அதிபராகிய தானியேல் பூவர் எண்ணியது யாது, விளைந்தது யாது என்பவற்றை ஒருங்குவைத்து நோக்கும்போதே அந்நிலையத்தின் வரலாற்றுப் பொருள் தெளிவாகும். அந்நோக்குக்கு வட்டுக்கோட்டையை அடுத்துக் கடலிலே பரந்துகிடக்கும் தீவகம் தக்கதோர் உரைகல்லாகும் என்பது எமது கருத்து.

பூவர் 1789இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து டான்வர்ஸ் என்னும் ஊரிலே பிறந்தவர். டாட்மத் கல்லூரியிலே பட்டம் பெற்று, அண்டோவர் இறையியற் கல்லூரியிலே பயின்றபின், 1815இல் கப்பலேறி அடுத்த ஆண்டு இலங்கையை அடைந்தார். தேசாதிபதி பிரவுன்றிக்கின் அனுமதியோடு அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்திலே தெல்லிப்பழையையும் வட்டுக்கோட்டையையும் தம் முதல் நிலையங்களாகக் கொண்டனர். ஆனால், பிரவுன்றிக்கின் பின் ஆட்சிக்கு வந்த பான்ஸ் 1820இல் புதிய அமெரிக்க மிசனரிமார் வருவதைத் தடுத்தார். அத்தடை 1833 வரை நீடித்தது. அமெரிக்காவிலிருந்து ஆள் வாராதெனின், இம்மண்ணின் மைந்தரையே போதகராக்குதல் வேண்டும் என்னும் நிலை தோன்றியது. செமினரியின் தோற்றத்துக்கு இத்தடையும் ஒரு காரணம் என்பது மனங்கொளத்தக்கது.

1823இலே வகுக்கப்பட்ட திட்டம், ஒரு கல்லூரியையே நோக்கமாகக் கொண்டிருந்தது. அந்நியர் நடத்தும் நிலையத்துக்குக் கல்லூரிச் சாசனம் வழங்க அரசு இசையாமையால் அது 'செமினரி' என்ற பெயரோடேயே நின்றது. பெயர் சிறிதாயினும் பாடத்திட்டம் பெரிது. வேதாகமமும் இறையியலும் மட்டுமன்றி, ஆங்கிலம், தமிழிலக்கணம், வடமொழி, தருக்கம், கணிதம், வானியல் என்பனவும் கற்பிக்கப்பட்டன. மாணவரைத் தாங்கிய அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களே அவர்களுக்குச் சூட்டப்பட்டன. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்கள் இவ்வழக்கத்தின் சான்றுகளாகும்.

பூவரின் நோக்கிலே அறிவியல் நற்செய்திக்கு வழிதிறக்கும் கருவியாகும். இயற்கை பற்றிய புராணக் கருத்துகள் தகர்ந்தால், அவற்றைத் தாங்கிநிற்கும் சமயமும் தளரும் என அவர் நம்பினார். 1829 மார்ச்சிலே நிகழ்ந்த சந்திரகிரகணம் இதற்கு வாய்ப்பளித்தது. அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் குறித்த தொடக்க நேரத்துக்கும் நீடிப்புக்கும் மறைவின் அளவுக்கும், செமினரியிலே கணித்தவற்றுக்கும் இடையே வேறுபாடு காணப்பட்டது. பலரும் கூடியிருந்து நோக்கியபோது செமினரியின் கணிப்பே பொருந்தியது. பூவர் இதனைப் பெருவெற்றியாகக் கொண்டார்.

ஆயின் ஈண்டு ஒன்றை நாம் நினைத்தல் தகும். கிரகணம் நிகழுமென்பதைப் பஞ்சாங்கமும் முன்னறிந்து கூறியிருந்தது, பிழைத்தது நுட்பமே. எனவே இப்போட்டி கணிதத்துக்கும் அறியாமைக்கும் இடையிலானதன்று. இரு கணித மரபுகளுக்கு இடையிலானது. திருத்தமான கணிதத்தை மாணவர் மகிழ்ந்து ஏற்றனர். அதனை ஏற்பதற்குச் சைவத்தைக் கைவிடவேண்டும் எனப் பலர் கருதவில்லை. பூவரின் திட்டத்திலிருந்த இடைவெளி இதுவே.

இவ்விடைவெளியைத் தீவகத்திலே தெளிவாகக் காணலாம். நெடுந்தீவுக்கு டெல்வ்ற் எனவும் காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் எனவும் பெயரிட்ட ஒல்லாந்தர், தம் திருச்சபையை அங்கும் நாட்டினர். ஒல்லாந்தப் போதகர் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலிலே இத்தீவுகளின் விவரம் காணப்படுகின்றது. பதவியையும் அரச சலுகையையும் சார்ந்துநின்ற அச்சமயம், 1795இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும் நிலைகுலைந்தது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் கத்தோலிக்கம் வேரூன்றியிருந்தது. ஒல்லாந்தரின் தடைகளுக்கிடையே கோவையிலிருந்து வந்த குருமார் அதனைக் காத்தனர். நயினாதீவிலே நாகபூசணி அம்மன் வழிபாடும், காரைதீவிலே சிவன்கோயிலைச் சார்ந்த வாழ்வும் உறுதியாக நின்றன. ஆகவே, அமெரிக்க மிசன் தீவகத்திலே வெற்றிடத்தை எதிர்கொள்ளவில்லை.

மேலும், கடல்கடந்த தீவுகளிலே அமெரிக்கர் நிலையாகத் தங்கிப் பணியாற்றல் அரிது. நெடுந்தீவுப் பணியைச் சுதேச கிறித்தவரே தம் சுவிசேஷ சங்கத்தின் வாயிலாகப் பொறுப்பேற்று, தம் பணத்தைக் கொண்டு உபதேசிமாரை அனுப்பினர். வெளியார் உதவியை எதிர்பாராது ஒரு திருச்சபை இயங்கக் கற்ற களம் தீவகமே எனலாம். அங்கே மதம் மாறினோர் சிலரே. பாடசாலையை விரும்பினோர் பலர்.

பூவர் 1836இல் மதுரை மிசனுக்குச் சென்றார். 1841இலே யாழ்ப்பாணம் மீண்டார். அவருக்குப்பின் அதிபரான ஹொய்சிங்டன் 1849 வரை செமினரியை நடத்தினார். சைவத்தை மறுப்பதற்கு அதனை முதலில் அறிதல் வேண்டுமெனக் கொண்ட அவர், சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை ஆகியவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்காவிலே வெளியாயின. மறுப்பதற்கெனத் தொடங்கிய கல்வி, சைவசித்தாந்தத்தை மேலைநாட்டார்க்கு அறிமுகஞ் செய்வதாய் முடிந்தது.

1855 பெப்ரவரியிலே பூவர் மானிப்பாயில் வாந்திபேதியால் மாண்டார். அவ்வாண்டிலேயே அமெரிக்க மிசன் தலைமைச் செயலாளர் றூபஸ் அண்டர்சன் யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கிலக் கல்வி போதகரை உருவாக்காது அரசாங்க உத்தியோகத்தரையே உருவாக்குகின்றது. மிசனின் பணி சுதேச மொழியிலேயே நடைபெறல் வேண்டும் என்பது அவர் கொள்கை. செமினரி மூடப்பட்டது. அண்டர்சனின் கணக்குப் பிழையன்று. பூவரின் அளவுகோலையே கொண்டு அளந்தாலும் செமினரி தன் இலக்கை முற்றாக எய்தவில்லை. அங்குக் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சைவராகவே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார் என்பது ஒன்றே போதும்.

ஆனால் வரலாறு நிறுவுநரின் அளவுகோலை மட்டும் கொண்டு அளப்பதன்று. மூடிய செமினரியின் வளவிலே, மக்களின் வேண்டுகோளால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அக்கல்லூரியிலே கணிதமும் வானியலும் கற்பித்து, இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினராகவும் விளங்கிய அலன் ஆபிரகாம், 1865இல் காரைதீவிலே பிறந்தவர். பூவர் வட்டுக்கோட்டையிலே தொடக்கிய வானியல், சில தலைமுறைக்குள் தீவகத்தான் ஒருவரின் உடைமையாயிற்று. அதே காரைதீவிலே, அதே நூற்றாண்டிலே, கார்த்திகேயப் புலவர் திண்ணபுரத்துச் சிவனை அந்தாதியாற் பாடினார். ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

எனவே, பூவரை மதமாற்றக்காரர் என ஒதுக்குதலும், தமிழரின் கல்வித் தந்தை எனப் போற்றுதலும் ஒருசார்பான முடிவுகளே. அவர் தம் சமயத்தின் பொருட்டுக் கொணர்ந்த கல்வியை, யாழ்ப்பாணத்தாரும் தீவகத்தாரும் தம் தேவைக்கேற்பத் தெரிந்து கொண்டனர். கொடுத்தோரின் எண்ணத்தை மட்டுமன்றிக் கொண்டோரின் தெரிவையும் ஆராயும்போதே எமது கல்வி வரலாறு முழுமை பெறும்.