எழுத்தும் இபாதத்தும்

நாகூர் தர்காவுக்குத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் எழுப்பித் தந்த 131 அடி உயரப் பெரிய மனாராவை அண்ணாந்து பார்த்து, ஷாகுல் ஹமீது ஆண்டகையின் சந்நிதியில் பாத்திஹா ஓதி, நார்சா என்னும் பிரசாதம் பெற்றுக்கொண்டு ரயிலேறிவிடுகிற யாத்திரிகர் பலர், அந்த மனாராவின் நிழலில் கிடக்கும் தெருக்களுக்குப் ‘புலவர் கோட்டை’ என்றொரு கீர்த்தி உண்டென்பதை அறியாமலே போய்விடுகின்றனர். நாகூரில் கவி புனைவது வித்துவான்களுக்கு மட்டும் உரிய வித்தையாக நின்றுவிடவில்லை. இறைவனிடம் இறைஞ்சுவதற்கென்றே முனாஜாத்து என்னும் பாவகையைப் போற்றி வளர்த்த சமூகத்தில், பாட்டுக் கட்டுவது இபாதத் என்னும் இறைவணக்கத்தோடு இணைந்த நித்தியானுஷ்டானமாகவே அமைந்துவிட்டது.

அவ்வூரில் 1833-இல் பிறந்த குலாம் காதிறு நாவலர், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். சைவ ஆதீனத்து மகாவித்துவான் கற்பித்த இலக்கணத்தைக் கொண்டு இஸ்லாமிய இறைநேசரின் ஊரைக் கலம்பகமாகவும் புராணமாகவும் பாடியதில் சீடருக்கு விகற்பம் தோன்றவில்லை. பினாங்கு சென்று ‘வித்தியா விசாரிணி’ பத்திரிகையை நடத்தியதும், 1901-இல் மதுரையில் நிறுவப்பெற்ற தமிழ்ச் சங்கத்தில் நக்கீரர் எனப் போற்றப்பெற்றதும் அவருடைய பெருமைகளே. ஆயினும், செய்யுளில் அத்தனை வல்லமை வாய்ந்தவர், ஆண்டகையின் சரித்திரத்தை ‘கன்சுல் கறாமாத்து’ என வசனத்தில் எழுதினாரே, அதையே யான் அவருடைய உயர்ந்த கைங்கரியமாகக் கருதுகிறேன். யாப்பறியாதாரும் வீட்டுத் திண்ணையில் ஒருவர் வாசிக்கக் கேட்டு உருகுவதற்கு வசனமன்றோ வேண்டும்?

நாவலர் 1908-இல் மறைந்தார். ஒன்பதாண்டுகள் கழித்து அதே நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம், மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் காணாதவர். கோஷா என்னும் திரைமறைவுக்குள் வாழ்ந்த பெண்மக்கள் அச்சேறுவதென்பதே அபூர்வமாயிருந்த காலத்தில் எழுதத் துணிந்தவர். 1938-இல் வெளிவந்த அவருடைய ‘காதலா கடமையா’ என்னும் நாவலுக்கு முன்னுரை வழங்கியவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். அவரும் மகாவித்துவான் பிள்ளையின் மாணாக்கரே. நாவலரோடு ஒரே ஆசானிடம் தமிழ் கற்ற அந்த முதியவர், எண்பது வயது கடந்த பின்னர், நாவலர் பிறந்த ஊரின் இளம்பெண்ணொருத்தி எழுதிய கதையைப் படித்து, அதனை ஆசீர்வதித்து எழுதினார்.