கடலோரத் திருமணம்: இடத்துக்கு முன் மாதமும் மணியும்

தேக்காவில் மாலைக்குச் சொல்லிவிட்டு, சிராங்கூன் சாலைக் கடைகளில் பட்டும் எடுத்த பிறகு, சிங்கப்பூர்த் தமிழ் இளையர்கள் பலர் அடுத்து யோசிப்பது கடற்கரை. முகூர்த்தம் கோயிலில், படங்கள் கடலோரத்தில் என்பது ஒரு வழி. பதிவுத் திருமணத்தையே கடலோரத்தில் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. இரண்டிலும் இடத்தின் அழகை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு மழையும் வெயிலும் செலவு வைத்துவிடும். முதலில் மாதத்தையும் நேரத்தையும் முடிவு செய்துவிட்டால் இடம் தேடுவது எளிது.

மாதம்

நல்லவேளையாக, தமிழ் நாட்காட்டி இங்குள்ள பருவநிலையோடு ஓரளவு ஒத்துப்போகிறது. திருமணம் வைக்காத மார்கழி, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை நீள்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் கனமழை அதிகம் பெய்யும் காலமும் அதுவே. தை பிற்பாதியிலிருந்து மழை குறையும். சராசரியாகப் பார்த்தால் பிப்ரவரிதான் ஆண்டின் ஆக வறண்ட மாதம். ஆனால் காற்று பலமாக வீசும். அலங்கார வளைவையும் பூக்களையும் இறுகக் கட்டவேண்டும்.

சித்திரை, வைகாசி, ஐப்பசி மாதங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை அடிக்கடி வரும். அப்போது காலை நேரமே பாதுகாப்பு. ஆவணியில் நிலைமை மாறும். விடியலுக்கு முன் தொடங்கி நண்பகலுக்குள் கடந்துபோகும் சுமத்ரா சூறைக்காற்று, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. அதிகாலை முகூர்த்தத்தைத் திறந்தவெளியில் வைப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

வெளிச்சம்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ காலை 7 மணிக்கு உதித்து மாலை 7 மணியையொட்டி மறைகிறது. மறைந்தபின் விரைவில் இருட்டிவிடும். எனவே மாலைப் படங்களுக்கு 6 மணி முதல் 7 மணி வரையே நல்ல நேரம். நண்பகல் வெயிலில் மாலை வாடும், ஒப்பனை கலையும், பட்டுப் புடவையில் மணமகள் தவித்துப்போவார்.

கடல் ஏற்ற இறக்க நேரத்தையும் பார்க்கவேண்டும். நீர்மட்டம் ஏறக்குறைய 3 மீட்டர் வரை மாறக்கூடும். காலையில் அலை தொட்ட இடம் மாலையில் சேறும் கல்லுமாக இருக்கலாம்.

இடங்கள்

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா: 1966ல் தொடங்கிய நில மீட்புத் திட்டத்தில் உருவான நிலம். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளம். சூரிய உதயத்துக்கு ஏற்றது. மாலையில் சூரியன் நகரப் பக்கம் இறங்கிவிடும். வார இறுதியில் கூட்டம் அதிகம்.

சாங்கி: சாங்கி வில்லேஜ் ஸ்ரீ ராமர் ஆலயத்திலிருந்து கடற்கரை நடந்துபோகும் தூரம்தான். கோயிலில் தாலி கட்டி, கடலோரத்தில் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இது வசதி. அருகிலுள்ள 2.2 கிலோமீட்டர் கடலோர நடைபாதையில் சூரியன் மறைவதைப் பார்க்கவென்றே ஒரு பகுதி உண்டு.

லாப்ரடார் பூங்கா: மணல் இல்லை, ஆனால் சமதளக் கடலோரப் பாதை உண்டு. சக்கர நாற்காலியில் வரும் பாட்டி, தாத்தாவுக்கு ஏற்றது. லிட்டில் இந்தியாவிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரை ஒரே ரயில். அங்கிருந்து வட்டப் பாதையில் 2 நிலையங்கள்.

செந்தோசா: சிலோசோ, பலவான், தஞ்சோங் என 3 கடற்கரைகள். விருந்தும் தங்குமிடமும் ஒரே தீவில் அமையும். செலவு கூடும்.

சட்டமும் அனுமதியும்

முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1961ல் நடப்புக்கு வந்த மாதர் சாசனத்தின்கீழ் வருகிறது. சடங்கு மட்டும் செய்தால் சட்டப்படி திருமணம் ஆகாது. உரிமம் பெற்ற திருமண நடத்துநரும், 21 வயது நிரம்பிய 2 சாட்சிகளும் தேவை. திருமணப் பதிவகத்தில் விண்ணப்பித்தபின் குறைந்தது 21 நாள் காத்திருந்து, 3 மாதத்துக்குள் திருமணத்தை முடிக்கவேண்டும்.

பூங்காவில் கூடாரம், நாற்காலி, ஒலிபெருக்கி வைப்பதென்றால் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறவேண்டும். நினைத்த இடத்தில் ஹோமத் தீ மூட்ட முடியாது. ஹோமம் கட்டாயம் என்று பெரியவர்கள் விரும்பினால் அதைக் கோயிலில் முடித்துவிடுவதே நல்லது. விமான நிலையம், விமானத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடக் கூடாது. சாங்கியில் வானிலிருந்து படம் எடுக்க நினைப்பவர்கள் இதைப் படப்பிடிப்பாளரிடம் முதலிலேயே பேசிவிடவேண்டும்.

தேன்நிலவு

பிந்தான் தீவு, தானா மேரா படகு முனையத்திலிருந்து சுமார் 1 மணி நேரப் பயணம். அங்கு கடிகாரம் சிங்கப்பூரைவிட 1 மணி நேரம் பின்தங்கியிருக்கும். தை மாதத் தம்பதியர்க்கு, அலை கொந்தளிக்கும் மலேசியக் கிழக்குக் கரையைவிட, அப்போது மழை குறைந்த லங்காவி பொருத்தம். வைகாசியிலோ ஆனியிலோ மணமுடிப்பவர்களுக்குக் கிழக்குக் கரையின் தியோமான் சரியாக இருக்கும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் 3 வேலைகள் உண்டு. திருமண நேரத்திலேயே ஒருமுறை அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கவேண்டும். கழிவறையும் கார் நிறுத்துமிடமும் எவ்வளவு தூரம் என்று நடந்து பார்க்கவேண்டும். மழை வந்தால் எல்லாரும் ஒதுங்கக் கூரையுள்ள மாற்றிடம் ஒன்றை உறுதிசெய்துகொண்டு, அதன் முகவரியையும் அழைப்பிதழில் சேர்த்துவிட்டால், ஜோகூரிலிருந்து வரும் உறவினர்களும் கடைசி நேரத்தில் அலையவேண்டியிராது.