கைகாட்டியும் காலடியும்

வழி பிரியுமிடத்தில் நாட்டப்பெறும் பலகையைத் தமிழர் கைகாட்டி என்று வழங்கி வந்தனர். இன்று அப்பலகைகளிற் காணப்படுவது பெரும்பாலும் அம்புக்குறியே. ஆயினும் பெயர் கையை விட்டபாடில்லை. கையாயினும் அம்பாயினும் அது சொல்லக் கூடியது திசை ஒன்றே. அத்திசையில் இருப்பது எவ்வூர் என்பதை எழுத்துத்தான் சொல்லவேண்டும். எழுத்துத் தெரியாதவர் முன் அப்பலகை ஊமையாகி விடுகிறது. தமிழைத் துறைபோகக் கற்றவரும் கொல்கத்தாவிலோ அகமதாபாத்திலோ குடியேறிய புதிதில் எழுத்தறியாதவராகவே நின்றிருப்பர். இந்நிலை நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதொன்றன்று.

எழுத்தின் துணையின்றி ஒரு மாநகரில் வழிகாட்ட இயலுமா என்னும் வினாவுக்கு மெக்சிகோ நகரம் அளித்த விடை சுவையானது. 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் அங்கே சுரங்க ரயிலின் முதல் தடம் திறக்கப்பட்டது. கிராமங்களிலிருந்து பிழைப்பு நாடி நாள்தோறும் மக்கள் வந்து குவிந்த காலம் அது. அவர்களுள் எழுத்து வாசனை இல்லாதார் பலர். ஸ்பானிய மொழியே வீட்டுமொழியாக இல்லாதாரும் உண்டு. ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு சித்திரமும் அமைப்பதென முடிவாயிற்று. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு வண்ணம். முதல் தடத்துக்கு இளஞ்சிவப்பு. இச்சின்னங்களை வகுத்தவர் லான்ஸ் வைமன் என்னும் அமெரிக்கர். 1968-இல் அந்நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சின்னங்கள் அமைத்தவரும் அவரே.

நம் நாட்டிலும் இதற்கு முன்னரே இத்தகைய தேவை எழுந்ததுண்டு. 1951-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி எழுத்தறிந்தார் நூற்றுக்கு 18 பேர் அளவே. எனவே முதற் பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னம் ஒட்டினார்கள். ஆயினும் தேர்தற் சின்னம் வேட்பாளருக்கு வழங்கப்படுவது. மெக்சிகோச் சின்னங்களோ பெரும்பாலும் அந்தந்த இடத்திலேயே கிடந்தவை. அவற்றின் சிறப்பு அதுதான் என்று கருதுகிறோம்.

சாபுல்டெபெக் என்னும் நிலையத்துக்கு வெட்டுக்கிளி சின்னம். பழங்குடி மொழியாகிய நாவாட்டில் அப்பெயருக்கு வெட்டுக்கிளிக் குன்று என்பதே பொருள். கொயோவாகானுக்கு ஓநாய் இனத்தைச் சேர்ந்த கொயோட் என்னும் விலங்கு; பெயரின் பொருளும் அதுவே. இது வைமன் காலத்துப் புதுமையன்று. ஸ்பானியர் வருமுன்பே அந்நாட்டார் ஊர்ப்பெயர்களைச் சித்திரமாகவே எழுதினர். குன்றும் அதன்மேல் வெட்டுக்கிளியும் வரைந்தால் சாபுல்டெபெக். கல்லின்மேல் கள்ளிச்செடி வரைந்தால் டெனோச்டிட்லான், அதாவது இன்றைய மெக்சிகோ நகரமிருக்கும் இடம். 1541-ஆம் ஆண்டையொட்டி ஸ்பானிய அரசப் பிரதிநிதி மெண்டோசாவின் பெயரால் எழுந்த சுவடியில் இத்தகைய ஊர்ச்சித்திரங்கள் பல உள்ளன. பக்கத்திலேயே ஸ்பானிய எழுத்தில் விளக்கமும் உண்டு. புதிதாய் வந்து ஆண்டவர்களுக்குத்தான் அன்று விளக்கம் தேவைப்பட்டது! அச்சுவடி இப்போது ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருக்கிறது.

அம்புக்குறிக்கும் அவர்களிடம் ஈடு இருந்தது. மெக்சிக மக்கள் தம் பழைய தாயகத்தை விட்டுப் புலம்பெயர்ந்து வந்த வரலாற்றைக் கூறும் ஒரு சுவடியில், ஓர் ஊர்ச் சித்திரத்திலிருந்து அடுத்ததற்குக் காலடித் தடங்கள் வரிசையாகச் செல்கின்றன. விரல்கள் நோக்கும் பக்கமே போகும் பக்கம். அம்பு அறியாத குழந்தைக்கும் இது விளங்கும். ‘இவ்வழியே முன்பு ஒருவர் நடந்தார்’ என்னும் செய்தியையும் காலடி சேர்த்துச் சொல்கிறது. அம்புக்கு அந்த உறவில்லை. எனினும் சுரங்கப் பாதையில் ஓடுகிறவனுக்கு ஒரே பார்வையில் தெரியவேண்டுமே! அங்கே அம்புதான் வெல்லும்.

எல்லாச் சின்னங்களும் இவ்வாறு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. பினோ சுவாரெஸ் என்பவர் 1913-இல் கொலையுண்ட உதவி ஜனாதிபதி. அவர் பெயர் தாங்கிய நிலையத்துக்காக மண் தோண்டுகையில், காற்றுத் தெய்வமாகிய எஹெகாட்டிலின் பழைய பலிபீடம் வெளிப்பட்டது. அதை இடித்துவிடாமல் நிலையத்துக்குள்ளேயே நிறுத்தினர். பெயர் அரசியலாருக்கு, சின்னம் பலிபீடத்துக்கு என்றாயிற்று. முறைப்படி பார்த்தால் இது பொருத்தமற்றதே. ஆனால் வழிதேடுவோருக்குச் சின்னத்தின் வரலாறு விளங்கவேண்டும் என்பதில்லை. மறுமுறை கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும். ‘வாத்து நிலையத்தில் இறங்கு’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டுக்கொண்டு போகலாம். அந்த வாத்து கண்டெலாரியா நிலையத்தின் சின்னம். அப்பகுதிக்கு வாத்துக்களின் கண்டெலாரியா என்று பழம்பெயர் இருந்தது. நகரைச் சூழ்ந்திருந்த ஏரி வற்றிப்போய், வாத்து சுவரில் மட்டும் நிற்கிறது.

சின்னங்கள் பிறகு வேறு ஓவியர் கைக்கு மாறின, முறை மாறவில்லை. இன்று 12 தடங்களில் 195 நிலையங்கள் உள்ளன. முதல் தடம் 1984-இல் பன்டிட்லான் வரை நீண்டது. அந்நிலையத்தின் சின்னம் இரண்டு கொடிகள். ஏரி நிறைந்திருந்த நாளில் அங்கே படகுகளை இழுத்துக்கொள்ளும் நீர்ச்சுழல் ஒன்று இருந்ததாம். ஓடக்காரர் விலகிச் செல்லுமாறு அதன் அருகே கொடிகள் நட்டிருந்தனர் என்பது வழக்கு. கொடிகளினிடையே என்பதே அப்பெயரின் பொருள். அன்று படகுகள் விலகிச் சென்ற அவ்விடத்தில் இப்போது 4 தடங்கள் வந்து கூடுகின்றன.