அபராதம் செலுத்தாததால் நீளும் சிறைவாசம்: பழைய குற்றவாளிக்கும் இலவச வழக்கறிஞர் உண்டா?

புதுதில்லி: தில்லி சிறைத்துறைத் தலைமையகமும் திகார் சிறை வளாகமும் அமைந்துள்ள ஜனக்புரி பகுதியின் பெயர், பெரும்பாலும் விசாரணைக் கைதிகள் தொடர்பான செய்திகளிலேயே அடிபடுகிறது. தண்டனைக் காலம் முடிந்தும் அபராதத் தொகை இல்லாததால் சிறையிலேயே தங்கிவிடும் கைதிகளைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

அபராதம் செலுத்தத் தவறியதற்கான சிறைவாசம், மூலத் தண்டனையுடன் ஏககாலத்தில் கழியாது. அதற்கு மேல் கூடுதலாக அனுபவிக்க வேண்டும். எனினும், செலுத்திய தொகைக்கு ஏற்ப அது குறையும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 8-வது பிரிவின்படி, ரூ.12,000 அபராதம், தவறினால் 6 மாதம் சிறை என விதிக்கப்பட்டவர் உரிய காலத்தில் ரூ.8,000 செலுத்தினால், 2 மாதங்களில் வெளியே வரலாம். அபராதம் மட்டுமே விதிக்கப்பட்ட வழக்குகளில், 30 நாள் அவகாசமோ, இரண்டு அல்லது மூன்று தவணைகளோ வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால், இவற்றை எடுத்துக்கூற ஒரு வழக்கறிஞர் வேண்டும்.

முன்பே தண்டனை பெற்றவருக்கு அந்த உதவி மறுக்கப்படுமா? மறுக்க இயலாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவு, காவலில் உள்ள எவரையும் வருமான வரம்பின்றித் தகுதியுடையவர் என்கிறது. முந்தைய தண்டனைகள் அங்கு தடையாகக் குறிப்பிடப்படவில்லை. கைதி கேட்கவில்லை என்பதும் காரணமாகாது என சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. உண்மையில், பழைய குற்றவாளிக்கே வழக்கறிஞரின் தேவை அதிகம்: சில குற்றங்களில் முந்தைய தண்டனையைக் காரணம் காட்டி, புதிய தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்த முடியும்.

தொகையே இல்லாதவர்களுக்காக, ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தை மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்தது. அந்த ஆண்டு வெளியான வழிகாட்டுதல்களின்படி, தண்டனைக் கைதிக்கு ரூ.25,000 வரையிலான அபராதத்தை மாவட்ட அளவிலான குழு அனுமதிக்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலரும் சிறைக் கண்காணிப்பாளரும் இக்குழுவில் இடம்பெறுவர். ஊழல், பணமோசடித் தடுப்பு, போதைப்பொருள், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு இது பொருந்தாது.

கைதியின் குடும்பத்தினர் 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் சட்ட உதவி கோரலாம். கைதிகள் சிறைக்குள் இயங்கும் சட்ட உதவி மையத்தை நேரடியாக அணுகலாம்.