போவாசிச்சி பல்கலைக்கழகப் போராட்டம்

துருக்கியின் இஸ்தான்புல் நகரிலுள்ள போவாசிச்சி அரசுப் பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரியில் தொடங்கிய கல்விச் சுதந்திரப் போராட்டம். அங்கு ரெக்டர் (நம்மூர்த் துணைவேந்தருக்கு நிகரான பதவி) நியமனத்துக்கு முன் ஆசிரியர்கள் வாக்களிப்பது வழக்கமாக இருந்தது. 2016-இல் அவசரநிலை ஆணை ஒன்று அதை ஒழித்தது. அவ்வாண்டு 86 விழுக்காடு வாக்கு பெற்றிருந்த குலாய் பர்பரோசோலு ஒதுக்கப்பட்டார்.

2021-இல் அதிபர் எர்துவான், ஆளுங்கட்சி வேட்பாளராக முன்பு முயன்றிருந்த மெலிஹ் புலுவை வெளியிலிருந்து கொண்டுவந்து அமர்த்தினார். கல்வித் தகுதியைவிடக் கட்சி விசுவாசத்தை மதித்த நியமனம் இது என்று விமர்சிக்கப்பட்டது. எதிர்த்த மாணவர்கள் பலர் கைதாயினர். ஆசிரியர்களோ பட்டமளிப்பு அங்கி அணிந்து, வேலைநாள்தோறும் நண்பகலில் ரெக்டர் அலுவலகத்துக்கு முதுகைத் திருப்பி அமைதியாக நின்றனர். ஜூலையில் புலு நீக்கப்பட்டார். அதுவும் அதிபர் ஆணையால்தான். ஆசிரியர்களின் எதிர்ப்பையும் மீறி, அவருடைய துணை ரெக்டர் நாஜி இஞ்சியே ஆகஸ்டில் ரெக்டராக்கப்பட்டார்.