கிகாலி அறிக்கை பிறந்த கதை

போட்ஸ்வானாவின் அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பிறந்ததும் மருத்துவச்சிகள் அதன் உச்சி முதல் பாதம் வரை பார்த்துக் குறித்துவைத்தார்கள். 2014-இல் தொடங்கிய ட்சேபாமோ ஆய்வு அது. எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து கருவைக் கெடுக்குமோ என்ற பழைய பயத்தைத் தீர்க்கத்தான் ஆரம்பித்தார்கள். 2018 மே மாதம் அதிலிருந்து வந்த செய்தியோ வேறொரு மருந்தைப் பற்றியது.

டோலுடெக்ராவிர் என்ற அந்த எச்.ஐ.வி. மருந்து அப்போது புதியது. வைரஸைச் சீக்கிரம் அடக்கும்; பக்கவிளைவும் குறைவு. கருத்தரிக்கும்போதே அதைச் சாப்பிட்டுவந்த 426 பெண்களின் பிள்ளைகளில் 4 பேருக்கு, மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் சரியாக மூடியிருக்கவில்லை. ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. மற்றவர்களிடம் ஆயிரத்துக்கு ஒன்றுதான். கரு உண்டான நான்கு வாரத்துக்குள் அந்தக் குழாய் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து மருந்தை மாற்றினாலும் பயனில்லை.

சில அரசுகள் உடனே கதவைச் சாத்தின. பிள்ளை பெறும் வயதென்றால் எஃபாவிரென்ஸ். கருத்தடை செய்திருந்தால்தான் டோலுடெக்ராவிர். 'உனக்குப் பிள்ளை வேண்டுமா, எப்போது வேண்டும்?' என்று அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு பெற்று, போதும் என்று இருந்தவளுக்கும் அதே பதில்தான். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மேல்கைத் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியின் ஹார்மோன் அளவை எஃபாவிரென்ஸ் குறைத்துவிடும். குச்சியை நம்பியிருந்தவள் வேண்டாத கர்ப்பத்தைச் சுமக்க நேரலாம். அவளைக் காக்கிறோம் என்று சொல்லி இதைத்தான் கையில் கொடுத்தார்கள்.

அதே 2018 ஜூலையில் ருவாண்டாவின் கிகாலியில், எச்.ஐ.வி.யுடன் வாழும் 39 ஆப்பிரிக்கப் பெண்கள் கூடினார்கள். 18 நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆய்வு எண்களை முன்னால் வைத்துப் பேசினார்கள், ஆபத்தையும் நன்மையையும் எடைபோட்டார்கள். பெண்கள் எல்லோரையும் ஒட்டுமொத்தமாக விலக்குவதில் நியாயமில்லை. விவரத்தைச் சொல்லுங்கள், கருத்தடையும் கிடைக்கச் செய்யுங்கள், தேர்வு எங்களுடையது என்று அறிக்கை எழுதினார்கள். பிள்ளை வேண்டும் என்பவளும் வேண்டாம் என்பவளும் ஒரே தாளில் சேர்ந்து நின்றதுதான் எனக்கு அதில் பெரிதாகப் படுகிறது.

மருத்துவச்சிகள் எண்ணுவதை நிறுத்தவில்லை. 2019-இல் கணக்கு 1,683 பிறப்புகளுக்கு 5 என்றானது, அதாவது 0.3 சதவீதம். அதே ஆண்டு ஜூலையிலேயே உலக சுகாதார நிறுவனம் டோலுடெக்ராவிரை எல்லோருக்கும் முதல் மருந்தாகப் பரிந்துரைத்தது, கருத்தரிக்கக்கூடிய பெண்கள் உட்பட. பிறப்புகள் பல ஆயிரத்தைத் தாண்டியபோது அந்த வித்தியாசமே காணாமல்போனது.