ஏலக்காய் உலர்த்தறை உணரிகள்

ஏலக்காய் உலர்த்தறை உணரிகள் என்பன, பறித்த ஏலக்காயை உலர்த்தும் அறைகளிலும் உலர்ந்த காயை இருப்பு வைக்கும் அறைகளிலும் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் அளப்பதற்காகப் பொருத்தப்படும் மின்னணுக் கருவிகள் ஆகும். வணிகக் குளிரறைகளில் பயன்படும் அதே வகை உணரிகளே இங்கும் பயன்படுகின்றன. ஆயினும் குளிரறையின் நோக்கம் பொருளைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது. உலர்த்தறையின் நோக்கம் பொருளிலிருந்து நீரை வெளியேற்றுவது. ஆதலால் உணரிகளைப் பொருத்தும் இடம் வேறுபடுகின்றது.

பின்னணி

தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள நகரமாகும். இங்கிருந்து போடிமெட்டு வழியாக மேலேறும் சாலை ஏலமலைத் தோட்டங்களை அடைகின்றது. இத்தோட்டங்களிற் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. மலையில் விளைந்து உலர்த்தப்பட்ட காய், தரம் பிரிப்பதற்கும் விற்பனைக்கும் போடிக்குக் கொண்டுவரப்படுகின்றது. இந்திய நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மேற்பார்வையில் 2007 ஆம் ஆண்டில் மின்னணு ஏலமுறை அறிமுகமானது. போடிநாயக்கனூரும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியும் அதன் மையங்களாகும்.

ஏலத்தில் வணிகர்கள் மாதிரியைப் பார்த்து விலை கேட்கின்றனர். காயின் பருமனும் பச்சை நிறமும் விலையை முடிவு செய்வதில் முதன்மையானவை. நிறம் மங்கிய காய்க்குச் செயற்கை நிறமேற்றுவது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடைசெய்யப்பட்டுள்ளது. எனவே, உலர்த்தும்போது இழந்த நிறத்தைப் பின்னர் மீட்க இயலாது. அந்த இழப்பு பயிரிட்டவரையே சாரும்.

உலர்த்தும் முறை

அறுவடைக் காலம் ஏறத்தாழ ஆடி முதல் மாசி வரை நீடிப்பதால், அதன் முற்பகுதி மழைக்காலத்தோடு சேர்ந்தே வருகின்றது. மேலும், வெயிலில் காயவைத்தால் பச்சை நிறம் வெளிறிவிடும். இக்காரணங்களால் தோட்டங்களில் "ஸ்டோர்" என வழங்கும் தனிக் கட்டடத்தில் காய் உலர்த்தப்படுகின்றது. மரபான அமைப்பில், வெளியே உள்ள அடுப்பில் விறகு எரிக்கப்பட்டு, சூடான புகை இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சென்று புகைபோக்கியால் வெளியேறும். காய் பரப்பிய தட்டுகள் குழாய்க்கு மேலே அடுக்கப்படும். எரிவளி, டீசல், மின்சாரம் ஆகியவற்றால் இயங்கும் உலர்த்திகளும் பயன்பாட்டில் உள்ளன.

பச்சைக் காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர் உள்ளது. அதை 10 விழுக்காட்டளவுக்குக் குறைக்க வேண்டும். இதன்படி 100 கிலோ பச்சைக் காயிலிருந்து ஏறத்தாழ 78 கிலோ நீர் வெளியேறி, 22 கிலோ உலர்ந்த காய் எஞ்சும். இதற்குப் பொதுவாக 45 முதல் 55 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலை பரிந்துரைக்கப்படுகின்றது. வெப்பம் மிகுந்தால் பச்சையம் சிதைவதோடு நறுமண எண்ணெயும் ஆவியாகும். வெப்பம் குறைந்து உலர்தல் நீண்டால் பூஞ்சை தோன்றும்.

ஈரப்பதனின் பங்கு

காற்று ஓரளவு நீராவியையே ஏற்கும். அந்த அளவு வெப்பநிலையோடு மிக விரைவாகக் கூடுகின்றது. எடுத்துக்காட்டாக, 20 பாகையில் 90 விழுக்காடு சார்பு ஈரப்பதன் கொண்ட மலைக்காற்றை, நீரைச் சேர்க்காமல் 50 பாகைக்குச் சூடாக்கினால் சார்பு ஈரப்பதன் ஏறத்தாழ 17 விழுக்காடாகக் குறையும். இந்த வறண்ட காற்றே காயிலுள்ள நீரை ஈர்க்கின்றது. நீராவி வெளியேற வழியில்லையெனில், வெப்பமானி 50 பாகை காட்டினும் உலர்தல் மந்தமாகும். ஆகவே வெப்பநிலையை மட்டும் அளப்பது போதாது.

உணரி வகைகள்

* வெப்பத்தடையி: வெப்பம் கூடும்போது மின்தடை குறையும் பொருளால் ஆனது. விலை குறைவு.
* பிளாட்டினத் தடை வெப்பமானி: 0 பாகையில் 100 ஓம் தடையும், 50 பாகையில் ஏறத்தாழ 119.4 ஓம் தடையும் கொண்டது. நீண்ட கம்பியின் தடை 1 ஓம் சேர்ந்தாலே அளவீடு 2.5 பாகைக்கு மேல் பிழைபடும். இதைத் தவிர்க்க மூன்று கம்பி இணைப்பு பயன்படுகின்றது.
* மின்தேக்கி வகை ஈரப்பத உணரி: நீராவியை உறிஞ்சும் பல்லுறுப்பிப் படலத்தின் மின்தேக்கத் திறன் மாறுவதை அளக்கின்றது. புகைக்கரி படிந்தால் பிழை காட்டும். எனவே நுண்துளை மூடி அவசியம்.
* ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள்: மின்சாரம் தேவையற்ற பழைய முறை. மின்னணு உணரியைச் சரிபார்க்க இன்றும் ஏற்றது.

பொருத்தும் இடம்

அளவீட்டின் நம்பகத்தன்மை உணரியின் விலையைவிட அது இருக்கும் இடத்தையே மிகுதியும் சார்ந்துள்ளது. கதவருகே தொங்கும் ஒரே வெப்பமானி 48 பாகை காட்டும் வேளையில், குழாய்க்கு நேர் மேலுள்ள தட்டு 55 பாகையைக் கடந்திருக்கக்கூடும். எனவே கீழ்த்தட்டின் உயரத்தில் ஒன்றும் மேல்தட்டின் உயரத்தில் ஒன்றுமாக வெப்ப உணரிகள் பொருத்தப்பட வேண்டும். குழாயின் கதிர்வீச்சு நேரே படாதவாறு தகட்டு மறைப்பும் தேவை.

ஈரப்பத உணரியை, காற்று வெளியேறும் வழியில் பொருத்துவது பொருத்தமானது. தொடக்கத்தில் அங்கு ஈரப்பதன் உயர்ந்திருக்கும். அது படிப்படியாகக் குறைந்து, உள்வரும் சூடான காற்றின் அளவை நெருங்கினால் உலர்தல் முடிவடைகின்றது என அறியலாம். கீழ்த்தட்டு 55 பாகையை எட்டும்போது ஒலிக்கும் மணி, இரவு முழுதும் அடுப்பைக் கவனிக்கும் தொழிலாளிக்கு உதவும். மின்தடையின்போது இயங்க மின்கலம் இணைக்கப்பட வேண்டும்.

குளிரறையுடன் ஒப்பீடு

குளிரறையில் உணரி, குளிர்காற்று வெளிவரும் முகப்பில் இல்லாமல் காற்று திரும்பிச் செல்லும் பாதையில் வைக்கப்படும். சுவரைக் கம்பி துளைக்கும் இடம் அடைக்கப்படாவிடில், வெளியீரம் உட்புகுந்து உறையும். குளிரறையிலிருந்து எடுத்த மூட்டையை உடனே திறத்தலும் தவறாகும். 30 பாகையும் 70 விழுக்காடு ஈரப்பதனும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 24 பாகை. அதனினும் குளிர்ந்த காயின்மீது நீர் படியும். உலர்ந்த ஏலக்காய் ஈரத்தை எளிதில் உறிஞ்சுவதால், ஒளியும் ஈரமும் புகாத கறுப்புப் பாலித்தீன் உறையிட்ட சாக்குகளில் வைக்கப்படுகின்றது.

அளவுத்திருத்தம்

உருகும் பனிக்கட்டி கலந்த நீரில், நீர்புகா உறையுள்ள வெப்ப உணரி 0 பாகை காட்ட வேண்டும். நிறைவுற்ற சமையலுப்புக் கரைசலை மூடிய கலத்தில் வைத்தால், 25 பாகையில் அதன் மேலுள்ள காற்று ஏறத்தாழ 75 விழுக்காடு சார்பு ஈரப்பதன் கொண்டிருக்கும். கரைசலைத் தொடாதவாறு ஈரப்பத உணரியை அக்கலத்தில் சில மணி நேரம் வைத்துச் சரிபார்க்கலாம். ஒவ்வோர் அறுவடைக் காலத்தின் தொடக்கத்திலும் இச்சோதனைகளைச் செய்வது நன்று.

இவற்றையும் பார்க்கவும்

* ஏலம்
* போடிநாயக்கனூர்
* சார்பு ஈரப்பதன்
* வெப்பத்தடையி